அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகளை நினைவு மலரில் சேர்ப்பதா?

கேள்வி:

நாங்கள் ஹப்புத்தளையில் இருக்கிறோம். அப்பா சிவில் பொறியியலாளர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, பேராதனையில் படித்து, தோட்டங்களில் குடிநீர்த் திட்டம், வீடமைப்பு, உள்வீதி என்று ஓய்வு பெறும் வரை வேலை செய்தவர். போன ஐப்பசியில் மாரடைப்பு வந்து வீட்டிலேயே காலமானார். வயது 63.

அப்பாவிடம் ஒரு பழைய ஹோண்டா எக்ஸ்எல் 185 இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அதை எடுத்துக்கொண்டு, ஒஹிய, உடவேரிய, கலுபஹன என்று கல்லும் சேறுமான பாதைகளில் கூட்டாளிகளோடு போய்விடுவார். அவர்களில் இருவர் சிங்களவர், ஒருவர் முஸ்லிம். பொழுது சாயத்தான் வருவார். அம்மாவுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. உடுப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்தே எந்தப் பக்கம் போனார் என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு இரண்டு நாள் பேசமாட்டார். 2014இல் மீரியபெத்த மண்சரிவு நடந்த அன்றும் அப்பா அங்கே அந்தப் பைக்கில்தான் போனார். அம்மா விடியவிடிய விழித்திருந்தார்.

இப்போது ஆண்டுத் திதிக்கு நினைவு மலர் போடுகிறோம். பெரியப்பா, "பொறியியலாளர், கோயில் பரிபாலன சபைத் தலைவர், அது போதும், பைக் கதை எதற்கு?" என்கிறார். அம்மா, "அந்தச் சனியனைப் பற்றி ஒரு வரி வந்தாலும் மலரைத் தொடமாட்டேன்" என்கிறார். கூட்டாளிகள் திதியன்று டெவில்ஸ் ஸ்டெயர்கேஸ் பாதையில் அவர் நினைவாகப் பைக்கில் போகப் போகிறார்களாம். தம்பிக்கு 19 வயது. பைக் தனக்குத்தான் என்று நிற்கிறான். அப்பாவின் சின்னக் கொப்பிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. மேலே ஊற்று, குழாயின் அளவு, தாங்கியின் உயரம். அதே பக்கத்தின் கீழே செயின் மாற்றிய திகதி. இரவில் அவற்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எங்களிடமிருந்து தப்பத்தான் போனாரோ என்றும் தோன்றுகிறது. மலரில் எதை எழுத? பைக்கை என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மலர், பைக், தம்பி எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாம். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "தப்பத்தான் போனாரோ" என்று, உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன். அதை முதலில் பார்ப்போம்.

இறந்தவர் மனதில் என்ன இருந்தது என்று என்னைப் போன்ற உளவள ஆலோசகர்களாலும் சொல்ல முடியாது. தப்பித்தான் போயிருக்கலாம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை, கூரை ஒழுகுகிறது, மதில் சரிந்துவிட்டது என்று கிழமை முழுக்க முறைப்பாடு கேட்கிற வேலை அது. தோட்ட நிர்வாகம் ஒரு பக்கம் இழுக்கும், தொழிற்சங்கம் ஒரு பக்கம், ஒப்பந்தக்காரர் இன்னொரு பக்கம். வீட்டுக்கு வந்தால் கோயில் சபை. போன் சிக்னல் கிடைக்காத ஒரு இடம் அந்த மனிதருக்குத் தேவைப்பட்டிருக்கும். வேலையிலிருந்தும் தப்பியிருப்பார், வீட்டிலிருந்தும் கொஞ்சம் தப்பியிருப்பார். ஒவ்வொரு ஞாயிறும் பொழுது சாயத் திரும்பி வந்தார் என்பதையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

அந்த மாதிரிப் பாதையில் பைக் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பண்டாரவளையில் இந்த வகை வண்டிகளைப் பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன். கிறீஸ் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து நின்று காட்டினார். கல்லுப் பாதையில் சீட்டில் உட்கார்ந்து ஓட்டக்கூடாதாம். கால்மிதியில் எழுந்து நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைத்தால் வண்டி கீழே தன்பாட்டுக்குத் துள்ளும், ஆள் மேலே நிதானமாக இருப்பார். இறக்கத்தில் முதல் கியரில் விட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விடவேண்டும். நனைந்த கல்லில் பிரேக்கை அழுத்தினால் சில்லு இறுகி வழுக்கிவிடும். கண் கல்லில் நிற்கக்கூடாது, போகவேண்டிய இடத்தில் நிற்கவேண்டும், ஏனென்றால் பார்க்கிற பக்கத்துக்குத்தான் வண்டி போகும். "அடுத்த பத்தடி மட்டும்தான் சார் மண்டையில இருக்கும். வீட்டுக் கடன், ஒபிஸ் பிரச்சினை ஒண்டும் ஞாபகத்துக்கு வராது" என்றார். மனதை ஒரு இடத்தில் நிறுத்த மூச்சுப் பயிற்சி கேட்டு என்னிடம் வருகிறவர்கள் தேடுவதும் இதைத்தான்.

சரி, கொப்பிக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே பெறுமதியானது அந்தப் பக்கங்கள்தான். மேலே ஊற்று, கீழே செயின் என்று ஒரே பக்கத்தில் எழுதியவருக்கு அவை இரண்டு வாழ்க்கையாகத் தெரியவில்லை. உயரத்திலிருக்கிற ஊற்றிலிருந்து பம்ப் இல்லாமல் லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவதில் முழுக் கணக்கும் சரிவைப் பற்றியதுதான். 10 மீற்றர் இறங்கினால் குழாய்க்குள் ஏறக்குறைய ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கூடும். மிஞ்சினால் குழாய் வெடிக்கும், அதனால் இடையில் அழுத்தத்தை உடைக்க ஒரு தொட்டி கட்டவேண்டும். வழியில் ஒரு மேடு வந்து காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் நின்றுவிடும். கிழமை நாட்களில் இப்படிச் சரிவைக் கணக்குப் பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமை அதே சரிவில் ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறார். ஜீப் ஏறாத இடத்தில் இருக்கிற ஊற்றை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கூட்டாளிகளிடம் கேளுங்கள். ஞாயிறு ஓட்டத்தில் கண்ட ஊற்று ஏதாவது திங்கட்கிழமை கொப்பியில் ஏறியிருக்கலாம். திகதிகளை ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கொப்பியில் ஒரு பக்கத்தை, எண்ணெய்க் கறையோடு, இருக்கிறபடியே படமெடுத்து மலரில் போடுங்கள். அந்தப் பக்கத்தில் எந்தத் தோட்டத்துத் தண்ணீர் இருக்கிறதோ, அந்தத் தோட்டத்துக்கு ஒரு தடவை போய், பீலிக்குப் பக்கத்து வீட்டில் யாரையாவது கண்டு பேசுங்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் குடத்தோடு எவ்வளவு தூரம் நடந்தார்கள், இப்போதும் வருகிறதா, பழுதானால் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். வராமல் நின்றுபோயிருந்தால் அதையும் எழுதுங்கள். உங்கள் அப்பா உயிரோடு இருந்தால் முதலில் கேட்டிருக்கக்கூடியது அதைத்தான்.

பெரியப்பாவை நீங்கள் கொஞ்சம் கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள். நான் அவர் பக்கம் கொஞ்சம் பேசவேண்டும். 1948இல் குடியுரிமையும், அடுத்த வருடமே வாக்குரிமையும் பறிபோன ஒரு சமூகத்தில், லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைகள் அவர்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளில்தான். அதற்கு முன் ஒரே அறையில் ஒரே வாத்தியார் எல்லா வகுப்புக்கும் படிப்பித்த காலம். அங்கிருந்து ஒரு தம்பி பேராதனைப் பொறியியல் பீடம் வரை போனது ஒரு அண்ணனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பெயருக்கு முன்னால் 'பொறியியலாளர்' என்று அச்சில் பார்க்க அவர் ஆசைப்படுவதை வெறும் பெருமை என்று தள்ளிவிடாதீர்கள். அண்ணன் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார், தம்பியின் செலவுக்கு யார் உழைத்தார்கள் என்று அவரிடமே கேளுங்கள். மலரில் அது இல்லாவிட்டால் உங்கள் அப்பாவின் கதை பாதியிலிருந்துதான் தொடங்கும்.

ஆனால் பெரியப்பா எழுதித் தரப்போகிற வசனங்கள் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். 'சிறந்த கல்விமான், பரோபகாரி, எல்லோரிடமும் இன்முகத்தோடு பழகும் பண்பாளர்.' நம் ஊர் நினைவு மலர்களில் பாதி தேவாரம், கால்வாசி வம்சாவளி, மிச்சத்தில் நன்றி நவிலல். போனவருக்குக் கிடைக்கிற ஒரு பக்கத்தில் பெயரை மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரரின் மலருக்கும் அது பொருந்தும். தேவாரத்தையும் வம்சாவளியையும் குறைக்கச் சொல்லவில்லை, அவை இருக்கவேண்டும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் உங்கள் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாதபடி எழுதுங்கள். எழுதி முடித்ததும் 'பண்பாளர்' மாதிரியான சொல் வந்த இடத்தையெல்லாம் கோடிட்டு, அதற்குப் பதிலாக அவர் செய்த ஒரு காரியத்தைப் போடமுடியுமா என்று பாருங்கள்.

மீரியபெத்தவையும் அப்படித்தான் எழுதவேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியபோது இங்கே யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்றைக்குப் பொறியியலாளர், பைக், அம்மா மூவரும் ஒரே கதைக்குள் வருகிறார்கள். அதனால் மலரில் ஒரு சம்பவத்துக்குத்தான் இடமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். அவர் எந்த நேரம் புறப்பட்டார், எதுவரை பைக் போனது, அங்கே என்ன செய்தார், எப்போது திரும்பினார் என்று கூடப் போனவர்களிடம் விசாரியுங்கள். யாராவது "பல உயிர்களைக் காப்பாற்றினார்" என்று அலங்காரமாக எழுதித் தந்தால் வெட்டிவிடுங்கள். மேலிருந்து இன்னும் மண் வருமா என்று மலையைப் பார்த்துக்கொண்டு நின்று, மற்றவர்களை விலகச் சொன்னார் என்றால் அதை மட்டும் எழுதுங்கள். அதே இரவில் வீட்டில் நடந்ததை எழுத ஒருவரால்தான் முடியும்.

அம்மாவைப் பற்றித்தான் சொல்கிறேன். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் இருக்கிறதாமே, அம்மா இன்னும் கோபக் கட்டத்திலேயே நிற்கிறாரே என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. அந்த ஐந்து கட்டங்களை 1969இல் எலிசபெத் கியூப்ளர் ரோஸ் எழுதியது சாகப்போகிற நோயாளிகளோடு பேசிப் பார்த்து. வீட்டில் மிஞ்சியவர்கள் அதில் வரிசையாக ஏறி முடிக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எனக்கு அதைவிட உதவுவது 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது. துக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் இருப்பார், கொஞ்ச நேரம் அன்றாட வேலையின் பக்கம் போவார், திரும்ப வருவார். இந்தப் போக்குவரத்துதான் இயல்பு. உங்கள் வீட்டில் நாலு பேரும் நாலு நேரத்தில் போய் வருகிறீர்கள். நீங்கள் இரவில் கொப்பியோடு இருக்கும்போது தம்பி பைக்கைப் பற்றிப் பேசுகிறான், பெரியப்பா அச்சகத்துக்குப் போன் எடுக்கிறார். அப்பா மேல் யாருக்குப் பாசம் அதிகம் என்ற சண்டையாக இதைப் பார்க்காதீர்கள்.

சேற்றைப் பார்த்து இடம் சொல்கிற ஒருவர், அந்தப் பாதைகளை உங்கள் அப்பாவுக்கு அடுத்தபடியாக அறிந்தவர். ஒரு தடவைகூடப் போகாமல், உடுப்புத் துவைக்கிற கல்லில் நின்றே அறிந்துகொண்டார். அவரிடம் "பைக்கைப் பற்றி எழுதலாமா அம்மா" என்று அனுமதி கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். கேட்கவேண்டிய கேள்வி வேறு. எந்தப் பக்கத்துச் சேறு கழுவப் போகாது? விழுந்துவிட்டு வந்த அன்று எப்படி மறைப்பார்? ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு என்ன கேட்பார்? கீரை ஆய்கிற நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போனை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பதிவு செய்யவேண்டாம். திட்டுவார், திட்டட்டும். அப்புறம் அவர் சொன்னதை, திட்டோடு சேர்த்து, அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதி அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பைக்கோடு அம்மாவுக்கும் ஒரு நீண்ட வாழ்க்கை இருந்தது. காத்திருந்ததும் கோபப்பட்டதும் மலரில் வந்தால் அதைத் தொடமாட்டேன் என்று சொல்ல அவருக்குக் காரணம் குறைந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால், அவர் பேச்சை விட்டுவிட்டுக் கூட்டாளிகளின் பக்கத்தில் பைக் வரட்டும். முற்றாக மறைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அம்மா மாதக்கணக்காகச் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பாடு குறைந்துவிட்டது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றால் அதை வெறும் கோபம் என்று விட்டுவிடவேண்டாம். அரச ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு எங்கே இருக்கிறது என்று விசாரித்துக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குப் போன் செய்தும் பேசலாம். இது உங்களுக்கும்தான்.

கூட்டாளிகளின் பயணம் நல்ல யோசனைதான், திகதிதான் சரியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சரிவெல்லாம் ஊறிப்போய் இருக்கும். அதற்குப் பிறகு வடகீழ்ப் பருவ மழை தை வரை நம் ஊவா மாகாணப் பக்கத்தை விடாது. பெப்ரவரி, மார்ச்சில் போகச் சொல்லுங்கள். ஒஹியவிலிருந்து உடவேரிய வழியாக இறங்குகிற அந்தப் பாதையில் லயங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் ரோட்டில்தான் விளையாடும். தோட்டத்தில் சொல்லிவிட்டு, மெதுவாக, ஹோர்ன் அடிக்காமல் போகவேண்டும். உங்கள் வீட்டு வாசலிலிருந்து ஊர்வலமாகப் புறப்படுவது வேண்டவே வேண்டாம். 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பார்வையாளர்கள் மேல் பாய்ந்து 7 பேர் இறந்தது உங்களுக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் நடந்தது. அது கார்ப் பந்தயம், இது வேறு என்று அம்மாவிடம் விளக்கப்போகாதீர்கள்.

திதிக்கு முன்னால் கூட்டாளிகளிடம் வேறொன்று வாங்கலாம். ஆளுக்கு ஒரு கதை எழுதித் தரச் சொல்லுங்கள். புகழுரை வேண்டாம், அவர் விழுந்த கதை, வழி தவறிய கதை, யாருடைய வண்டியையாவது தள்ளிக்கொண்டு வந்த கதை. சிங்களத்தில் எழுதித் தந்தால் ஒரு பத்தியைச் சிங்களத்திலேயே போட்டு, கீழே தமிழில் போடுங்கள். உங்கள் அப்பா 1983 இனக்கலவரத்தை வாலிப வயதில் கண்ட தலைமுறை. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடு உட்கார்ந்து ரொட்டியும் தேத்தண்ணியும் சாப்பிட்டார் என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

பைக்கை இப்போதைக்கு விற்கவேண்டாம். கூடத்தில் மாலை போட்டு வைக்கவும் வேண்டாம். மெக்கானிக் சொன்னது இது: ஒரு வருடமாக நின்ற வண்டி என்றால் பழைய பெற்றோல் பசை மாதிரி ஆகி கார்பரேட்டரின் சின்னத் துளைகளை அடைத்திருக்கும். டேங்கையும் கார்பரேட்டரையும் வடித்துக் கழுவவேண்டும், டேங்கின் உள்ளே துருப் பிடித்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்கவேண்டும், செயினுக்கு எண்ணெய் விடவேண்டும், சில்லுகள் நிலத்தில் அழுந்தாமல் தூக்கி நிறுத்தவேண்டும். இதில் நான் சேர்க்கக்கூடியது ஒன்றுதான். முதல் தடவை ஸ்டார்ட் செய்வது வீட்டு முற்றத்தில் நடக்கக்கூடாது. ஞாயிறு தவறாமல் பொழுது சாயும்போது அம்மா காது கொடுத்துக் காத்திருந்த சத்தம் அது. முன்னறிவிப்பு இல்லாமல் திடீரென்று கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும் என்று தம்பிக்குச் சொல்லிப் புரியவையுங்கள். வண்டியை கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போகட்டும், அங்கே கிளப்பட்டும்.

தம்பிக்கு இந்த வயதில் வேண்டாம் என்று சொன்னால் வேறொருவரின் பைக்கில் போவான். ஆகவே கொடுங்கள், ஆனால் வரிசையில். வண்டி இன்னும் அப்பா பெயரில் இருக்கும். இறப்புச் சான்றிதழோடு பிரதேச செயலகத்திலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் என்னென்ன கேட்கிறார்கள் என்று அவனே போய் விசாரிக்கட்டும். உரிமை மாற்றம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், எல்லாவற்றுக்கும் அவனே வரிசையில் நிற்கட்டும். அதெல்லாம் முடிவதற்குள் அவனுக்கு வேண்டியது பைக்கா, அப்பாவா என்று அவனுக்கே கொஞ்சம் தெளிந்துவிடும். அதன் பிறகும் பைக்தான் என்றால், ஹெல்மெட்டும் கணுக்கால் மூடுகிற சப்பாத்தும் முழங்கால் கவசமும் வாங்கிக் கொடுத்து, அப்பாவின் கூட்டாளிகளில் மூத்தவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். தனியாகப் போவதில்லை என்ற வாக்கை அம்மாவிடம் அவன் நேரே கொடுக்கவேண்டும்.

அட்டைப் படத்துக்குப் பெரியப்பா நிச்சயம் கோட் சூட் போட்ட படத்தைத்தான் தருவார். விட்டுக்கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது உள்பக்கம், அதற்காக மட்டும் சண்டை பிடியுங்கள்.